பொட்டு வைத்த ஜாக்கி

நாலு விரல் நுழைகிற சந்து இருந்தது. வேலையை ஆரம்பிக்கும்போது பரிமளாவே விரலை விட்டுப் பார்த்தாள். இப்போது மூன்று விரலுக்குத்தான் இடம் இருக்கும் போலிருந்தது. போலிருந்தது என்றுதான் சொல்ல முடியும், மறுபடி விட்டுப் பார்க்கலாமென்றால் கை ஒழியவில்லை. இரண்டு கையும் ஸ்பேனரைப் பிடித்திருந்தன, ஸ்பேனர் நட்டைப் பிடித்திருந்தது, நட்டுக்கு அந்தப் பக்கம் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி அவள் புருஷன் குழந்தைவேலு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். வலது பக்கத்து ஷாக்கப்ஸர் சுளுவாகக் கழன்று வந்து, புதுசும் ஏறிவிட்டது. இந்த இடது பக்கம்தான் தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முரண்டு பிடிக்கிறது. துரு. மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்று, சுத்தியலால் தட்டியாயிற்று, தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் வண்டி முழுக்க ஒரு முறை அதிர்ந்தது. "புடிச்சுக்க புள்ள, உட்றாத. நட்டு கூடவே சுத்துச்சுன்னா பொழுதுக்கும் இங்கயேதான் கெடக்கோணும்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் சந்தில் இருந்தது. சந்து என்பது ஹாலோபிளாக் கல்லின் தலைக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில் இருந்த வெளிச்சம். ஜாக்கி கைவிட்டால் கல் தாங்கிக்கொள்ளும் என்று அவன்தான் அந்தக் கல்லைக் கொண்டுவந்து வைத்தான். வெளிச்சம் குறைகிறதென்றால் வண்டி இறங்குகிறது. வண்டி இறங்குகிறதென்றால் ஜாக்கி இறங்குகிறது. ஜாக்கி இறங்குகிறதென்றால், என்று அங்கே வந்ததும் மனசு செக்குமாடு மாதிரி திரும்பி மறுபடி சந்துக்கே வந்து நின்றது. இறங்குகிற இரும்புக்குக் கீழே நீலச் சட்டை தெரிந்தது. மேல் பித்தான் அறுந்த சட்டை. நேற்றே தைத்துக் கொடுத்திருக்கலாம். இப்போது எதற்கு பித்தான் ஞாபகம் வருகிறது, பித்தான் ஞாபகம் வரக்கூடாது, செத்தவர்களைப் பற்றித்தான் அப்படிச் சின்னச் சின்னதாக ஞாபகம் வரும். சீ, நல்ல நாளும் அதுவுமாக என்ன நினைப்பு இது என்று அவள் தன்னையே வைதுகொண்டாள்.

நல்ல நாள்தான். ஆயுத பூஜை. அதனால்தான் இத்தனையும். ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருக்கவில்லை. எல்லா மெக்கானிக்கும் சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் வைத்துச் சாத்திவிட்டு வீட்டில் வடை தின்றுகொண்டிருப்பான். ஆட்டோ ஸ்டாண்டில் மைக்செட் காலையிலிருந்து அலறுகிறது. குழந்தைவேலுவும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். விடிந்ததும் குளித்து, போன ஆடியில் வாங்கிய புது ஜாக்கியையும் ஸ்பேனர் பெட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மணையில் வரிசையாக வைத்தான். மகளுடைய பாடப்புத்தகங்கள், பரிமளாவின் அரிவாள்மணை, தையல் கத்தரிக்கோல் எல்லாம் கூடவே இருந்தன. பொரியும் சுண்டலும் படைத்துச் சூடம் காட்டி முடித்தார்கள். மகள் பொரிப் பொட்டலத்தோடு அத்தை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அப்புறம்தான் கோழிப்பண்ணையிலிருந்து போன் வந்தது. நாளைக்கு வெள்ளென சேலத்துக்கு முட்டை லோடு. போன வாரம் போன லோடில் அடித்தட்டு முட்டையெல்லாம் விரிசல் விட்டு ஒழுகி, பண்ணை மேனேஜர் சிரித்துக்கொண்டே, "கொளந்தவேலு, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறமப்பா" என்று சொல்லியிருந்தான். கத்துகிறவனை நம்பலாம், சிரிக்கிறவனை நம்பக்கூடாது. முன்பக்க ஷாக்கப்ஸர் இரண்டும் செத்துப்போய் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி மூக்கால் முட்டி எழுந்துகொண்டிருந்தது. புதுசு இரண்டு வாங்கி வைத்தாகிவிட்டது, பூஜை கழிந்து மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தான். லோடு முந்திக்கொண்டது. போனை வைத்துவிட்டு அவன் நேராக மணைக்குப் போய் ஜாக்கியின் மேல் கை வைக்க, பரிமளா குறுக்கே வந்து நின்றாள். "கும்பிட்டு வெச்சதுங்க. நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும்." அவன் சிரித்தான். "ஏம்புள்ள, சரஸ்வதி என்ன ஜாக்கி போட்டு டயரா மாத்தப் போறா? சித்த நேரம் எரவல் குடுக்கமாட்டாளா?" அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான். அப்போதுதான் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது, யாரும் கேட்காமலே வந்தது: "அட்டாலி மேல பழசு ஒரு சாக்குல கெடக்குதில்லீங்க. அதுக்குத்தான் பொட்டு வெக்கலியே. அதுல பாத்துக்குங்க." சாமிக்கும் குறையில்லை, வேலைக்கும் குறையில்லை என்று அப்போது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. "ஊட்டுச் சாமி உத்தரவு போட்டுருச்சு" என்று சொல்லிக்கொண்டே அவன் அட்டாலிப் பரண் மேல் ஏறினான்.

அவன் கேட்டிருக்க வேண்டாம். எத்தனையோ பேச்சை அவன் கேட்டதில்லை. பீடியை விடு என்றாள், கேட்டானா? சீட்டுக் கட்டாதே என்றாள், கேட்டானா? இந்த ஒன்றை மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்டான், ஏனென்றால் அவளுடைய அப்பாவின் கண் கதை அவனுக்குத் தெரியும். பள்ளிப்பாளையத்தில் அப்பாவுக்கு நாலு விசைத்தறி இருந்தது. இதே போல ஒரு ஆயுத பூஜை, தறிக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சூடம் காட்டிய பிறகு, விடிந்தால் வேட்டி கொடுத்தாக வேண்டும் என்று அப்பா ஒரே ஒரு தறியை மட்டும் ஓட்டினார். மாலையைக் கழற்றக்கூட இல்லை. சாமந்தி மாலை ஆட ஆடத் தறி ஓடியதை வாசற்படியில் உட்கார்ந்து பொரி தின்றபடி பரிமளா பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நாடா தெறித்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கட்டையால் செய்த, இரும்பு முனை வைத்த நாடா, தறிக்குள்ளேயே போய் வந்துகொண்டிருக்க வேண்டியது, வெளியே பறந்து அப்பாவின் இடது கண்ணில் இறங்கியது. அப்பா கத்தவில்லை. கையால் பொத்திக்கொண்டு தறியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். அம்மா கத்தினாள். பொட்டு வெச்ச சாமானத் தொடாதீங்கன்னு சொன்னனே, சொன்னனே என்று ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் கத்தினாள். அப்புறம் வருஷாவருஷம், கண்ணில்லாத அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டே அம்மா அதைச் சொல்வாள். அப்பா மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "சாமி என்ன பண்ணும், நாடாவத் தள்ளற தோலு தேஞ்சு போயிருந்துச்சு. மாத்தாம உட்டது நானு" என்பார். பரிமளா அம்மா கட்சி. தேய்ந்த தோலை யார் பார்த்தார்கள், மாலை ஆடியதை அவள் பார்த்தாளே. இப்போது ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது முதல் முறையாக அப்பா சொன்னது வேறு மாதிரி கேட்டது. தேய்ந்ததை மாற்றாமல் விட்டது. அட்டாலியில் கிடந்த ஜாக்கியை அவன் ஏன் அட்டாலியில் போட்டான்? நன்றாக இருந்தால் புதுசு எதற்கு வாங்கினான்? வாங்கிய அன்றைக்குச் சொன்னானே, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னானே, "பழசு ஆயிலக் கக்குது, நம்பி அடியில போவ முடியறதில்ல" என்று. அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, ம் என்றாளே. இந்தப் பாழாய்ப்போன ஞாபகம் காலையில் வந்திருக்கக்கூடாதா?

ஜாக்கியின் காலடியில் சிமெண்டுத் தரை கறுத்திருந்தது. ஆயில்தான். முதலில் ஒரு ரூபாய் அகலம், இப்போது உள்ளங்கை அகலம். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏனுங்க, ஜாக்கி எறங்குதுங்க" என்றாள். அந்நேரம் பார்த்து மைக்செட்டில் பாட்டு மாறி உறுமி மேளம் எழுந்தது. "என்ன?" என்றான் அவன். "ஜாக்கிங்க." "ஜாக்கிக்கு என்ன? கல்லு வெச்சிருக்கறன் புள்ள. நீ நட்டப் பாரு. இந்தா அசையுது பாரு, அசையுது, இன்னும் ரெண்டு சுத்துதான்." அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. ஒத்துக்கொள்ளாத இரும்பு ஒத்துக்கொள்ள ஆரம்பிக்கும்போது ஆண்பிள்ளைகளுக்கு வருகிற சந்தோஷம், அந்த நேரத்தில் எமனே வந்து கூப்பிட்டாலும் இருப்பா வர்றேன் என்பார்கள். எமன் என்று நினைத்துவிட்டாளே. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே வாங்க, வண்டி உங்க மேல உளுந்துரும் என்று வாய்விட்டுச் சொல்லலாம், ஆனால் அந்த வார்த்தை வரமாட்டேன் என்றது. பூஜை நாளில், விளக்கு எரிகிற வீட்டு வாசலில், உளுந்துரும் என்று சொல்லி, எங்கேயாவது பல்லி ஒன்று உச்சுக் கொட்டிவிட்டால்? சொல்லாமல் இருந்தால் நடக்காது என்று ஒரு மனசு. சொல்லாமல் இருந்ததால்தான் நடந்தது என்று நாளைக்கு ஊர் சொல்லும் என்று ஒரு மனசு. நாளைக்கு. ஊர். பந்தல். அவள் அந்த இடத்திலிருந்து மனசைப் பிடுங்கிக் கல்லுக்குக் கொண்டுவந்தாள். கல் தாங்கும் என்கிறானே. தாங்குமா? இந்த வீடு கட்டும்போது அவளும் சேர்ந்துதான் கல் சுமந்தாள். ஒருநாள் உட்கார ஒரு கல்லைப் படுக்கப்போட்டு அதன் மேல் இன்னொன்றை அவள் போட, அடிக்கல் சுள்ளென்று பிளந்தது. கொத்தனார் சிரித்தார். "ஓட்டை மேல பாத்து நின்னாத்தானுங்கம்மா இதுக்குப் பலம். படுக்க வெச்சா அப்பளம்" என்றார். பரிமளா கல்லைப் பார்த்தாள். ஓட்டை இரண்டும் பக்கவாட்டில், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கல் படுத்துக்கொண்டிருந்தது. அவன் அவசரத்தில் படுக்கத்தான் வைத்திருந்தான். இத்தனை நேரமாக அவள் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு சந்தை மட்டும் அளந்துகொண்டிருந்தாள்.

சந்தில் இப்போது இரண்டு விரல். கழற்றிய சக்கரத்தை உள்ளே தள்ளலாம், சுவரில் சாய்ந்துதான் இருக்கிறது, ஆனால் அதைப் படுக்கப் போட வேண்டிய இடத்தில் அவன் தலை இருந்தது. பழைய ஜாக்கியையே அடித்து ஏற்றலாம், ஆனால் அவன் அடித்தபோதே ஒரு நூல் ஏறி அரை நூல் இறங்கியதை அவள் பார்த்தாள், இப்போது அசைத்தால் என்ன ஆகுமோ. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். வாசற்படி தாண்டி, கூடம் தாண்டி, மணை மேல், மூன்று பொட்டும் ஒரு சாமந்திப் பூவுமாக. அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும், இருபது வருஷமாக அப்பாவின் முகத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள், எறும்புக்காவது தன் உயிர் ஒன்றைப் பற்றித்தான் கவலை. எடுத்தால் சாமி கோபம், எடுக்காவிட்டால் இரும்பின் கோபம், இரண்டு கோபமும் வந்து இறங்கப்போவது அவள் மேல் இல்லை, பித்தான் இல்லாத அந்தச் சட்டை மேல். எடுத்துக் காப்பாற்றினால் நாளைக்கு ரோட்டில் அந்த உயிரை வாங்கிக்கொள்வாளோ சரஸ்வதி? சேலம் ரோட்டில், லாரிகளுக்கு நடுவில்? அப்படியானால் எடுக்காமல் இருந்தால் மட்டும் இன்றைக்கே வாங்கமாட்டாள் என்று என்ன நிச்சயம்? தாயே, நீ எந்தப் பக்கம் என்று சொல்லேன், ஒரு வார்த்தை சொல்லேன். மேளம்தான் கேட்டது. அப்புறம் அந்த மேளத்துக்கு நடுவில், மிகச் சின்னதாக, முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். சேஸ் கல்லைத் தொட்டுவிட்டது.

ஸ்பேனரை எப்போது விட்டாள் என்று தெரியாது. கணீரென்று தரையில் விழுந்தது மட்டும் கேட்டது, "ஏய், நட்டு சுத்துது, எங்க போற?" என்று அவன் கத்தியதும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்துக்குள் வெள்ளைச் சேலையில் சரஸ்வதி எப்போதும்போல எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாக்கிக்கு அருகில் போனதும் பரிமளாவின் கை நின்றது, நிஜமாகவே நின்றது, கையை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஜாக்கியில் சாய்ந்திருந்த மகளுடைய கணக்குப் புத்தகம், அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு. "என்ற மேல போடு" என்றாள் பரிமளா, சத்தமாகவே சொன்னாள். "எதுவா இருந்தாலும் என்ற மேல போடு தாயே, அவருக்கு ஒண்ணும் தெரியாது." ஜாக்கியைத் தூக்கினாள். கணக்குப் புத்தகம் பொரித்தட்டில் சரிந்தது. ஜாக்கியின் கனம் வயிற்றில் இடிக்க ஓடி வந்தாள். கல்லின் ஒரு மூலை அதற்குள் உதிர்ந்து தூளாகக் கிடந்தது. "அசையாதீங்க. பேசாதீங்க. அசையாதீங்க" என்றாள். அவள் அவனிடம் இதுவரை இப்படிப் பேசியதில்லை, அவனும் இதுவரை இப்படிப் பேச்சைக் கேட்டதில்லை, அடியில் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோயிற்று. பஞ்சரான ராத்திரிகளில் டார்ச் பிடித்துப் பார்த்த பழக்கம் கைக்கு வந்தது. பழசுக்குப் பக்கத்திலேயே சேஸுக்கு நேராக வைத்தாள், அடித் திருகை இறுக்கினாள், தலைத் திருகைக் கையாலேயே ஏற்றினாள், கம்பியைச் சொருகி அடித்தாள். சந்தனம் பிசுபிசுத்து வழுக்கியது. அடித்தாள். கல்லில் இன்னொரு சுள். தலை சேஸைத் தொட்டது, கம்பி கனத்தது, உடம்பு முழுவதையும் போட்டு அவள் அழுத்த, பிக்கப் வண்டி முனகிக்கொண்டு ஒரு நூல் ஏறியது. ஏறியதும், கல் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தது. "இப்ப வாங்க" என்றாள்.

குழந்தைவேலு முதுகால் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான். முதலில் கல்லைப் பார்த்தான். பழைய ஜாக்கியை விரலால் தொட்டான், பாரம் இல்லாமல் அது சும்மா நின்றது, அடியில் ஆயில் தாம்பாளம் அளவுக்குப் பரவியிருந்தது. பிறகு புது ஜாக்கியைப் பார்த்தான். மூன்று பொட்டும் அழிந்து கோடாக இழுத்திருந்தன. சாமந்திப் பூ ஜாக்கித் தலைக்கும் சேஸுக்கும் நடுவில் நசுங்கி மஞ்சளாகத் துருத்திக்கொண்டிருந்தது. பரிமளா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லுவான் என்று அவளுக்குத் தெரியும், சரஸ்வதியே எறங்கி வந்து ஜாக்கி போட்டுட்டாளா என்பான், சிரிப்பான், அந்தச் சிரிப்புக்கு அவளும் சிரித்துவிட்டால் நெஞ்சுக்குள் கிடந்து அடித்துக்கொள்கிற இது அடங்கிவிடும். அவனோ தண்ணீர் கேட்டான். செம்பில் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டே குடித்தான். பிறகு இரண்டு பேரும் வேலையைப் பார்த்தார்கள், லோடு நிற்காதே. சக்கரத்தைப் படுக்கப்போட்டு அடியில் தள்ளிவிட்டுத்தான் அவன் மறுபடி உள்ளே போனான். அவள் நட்டைப் பிடித்தாள். பழைய ஷாக்கப்ஸர் கழன்று வந்தது, அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தது, செத்த எலிதான். புதுசை அமுக்கிக் கட்டியிருந்த பட்டையை அறுத்ததும் அது தானாக நீண்டு எழுந்தது. போல்ட் ஏறியது, சக்கரம் ஏறியது. அதுவரைக்கும் அவன் பேசியது இரண்டே வார்த்தை, பிடி, விடு. வண்டியை இறக்கி ஜாக்கியை உருவி எடுத்து, தன் வேட்டி நுனியால் துடைக்கப் போனவன் துடைக்காமல் நிறுத்திக்கொண்டு, "திருப்பிக் கொண்டுபோயி வெச்சிரு புள்ள. ஆருக்கும் தெரியாது" என்றான். "அவளுக்குத் தெரியுமேங்க" என்றாள் பரிமளா.

சாயங்காலம் வண்டிக்குப் பூஜை போட வேண்டும், பூசணிக்காய் குங்குமத்தோடு காத்திருக்கிறது. அதெல்லாம் நடக்கும். விடியும். வண்டி முட்டையோடு கிளம்பும். என்ற மேல போடு என்று சொன்னாளே, சாமி அதைக் கேட்டாளா, அந்த மேளத்தில் கேட்டிருக்குமா? கேட்டிருந்தாலும், அவன் சேலம் ரோட்டில் இருக்கும்போது அவள் இங்கே அடுப்படியில் நின்றுகொண்டிருந்தால், அவள் மேல் போட வேண்டியதைச் சாமி எங்கே தேடிப் போடுவாள்? அகப்பட்டவன் மேல்தானே போடுவாள்? அப்பாவின் தோலும் கொத்தனாரின் அப்பளமும் எல்லாம் அறிவுக்குத் தெரிந்துதான் இருந்தது. அறிவுக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. "ஏனுங்க, காலையில நானும் கூட வர்றனுங்க" என்றாள். முட்டை லோடுக்குப் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிற டிரைவர் அந்தப் பக்கத்தில் ஒருவனும் கிடையாது. பண்ணையில் சிரிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது, சேலத்தில் சேலை எடுக்க வேண்டும் என்று சொல்லலாம், கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், என்னவாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. பீடியைப் பற்ற வைக்கப் போனான், தீக்குச்சி உரசலில் படாமல் தப்பித் தப்பிப் போயிற்று. பீடியைக் காதில் சொருகிக்கொண்டு அவன் வண்டிக்குப் போய் இடப்பக்கத்துக் கதவைத் திறந்தான். டிரைவர் பக்கத்துச் சீட்டில் குவிந்து கிடந்த சாக்கு, கயிறு, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான். சீட்டைக் கையால் தட்டிவிட்டான். அவன் ஒரு கேலி செய்திருந்தால் போதும், அவளுக்குப் பயம் தெளிந்திருக்கும். அவன் அவளுக்கு இடம் செய்துகொண்டிருந்தான்.